டீ குடிக்க வந்த வாத்தியார்

3 ஜூன் 2025, செவ்வாய்

தினம் நாலு வரி எழுத வேண்டுமாம். வாத்தியார் உத்தரவு. "தமிழ்லயே எழுதுங்க அண்ணி. மனசுல இருக்கறது முதல்ல வரிசையா வெளிய வரட்டும். அப்புறம் அத இங்கிலீஷ்ல சொல்லிக்கலாம்."

சரி, எழுதுகிறேன். உரக்கடையில் இவருக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. முன்பக்கம் முழுக்கப் பூச்சிமருந்து விளம்பரம். ஐந்தாவதோடு நின்ற தையல்நாயகி டைரி எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டால் அந்தப் பூச்சிகளே சிரித்துச் செத்துப்போகும், மருந்து மிச்சம்.

மண்டபத்து முதலாளி சபரிநாதன் சொல்லிவிட்டார். "வெளிநாட்டுக் குடும்பம் நெறைய வருது. பேரப்பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரியல. தீபாவளிக்குள்ள இங்கிலீஷ்ல சமாளிக்கறவங்க மேடைகிட்ட நிக்கலாம். முடியாதவங்க பின்பக்கம், பாத்திரத்துகிட்ட."

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கொள்ள வருகிற தம்பதிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. அந்த அம்மாவுக்குப் புடவை கட்டிவிடுவேன், மாலை எடுத்துக் கொடுப்பேன், கலசத்தண்ணீர் ஊற்ற யார் எங்கே நிற்பது என்று விரட்டுவேன். எல்லாவற்றுக்கும் மேலே, கேலி பண்ணுவேன். அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரத்தைக் கேலி பண்ணினால் அது சிரிக்குமா?

இங்கிலீஷ் சொல்லித்தர முதலாளி வைத்திருக்கிற வாத்தியார் தமிழரசன். இவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை. அன்றைக்கு ஆரம்பித்த கேலி. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். இந்த வகுப்பு வந்த பிறகுதான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மறுபடி தெருவில் தலை தெரிகிறது.

முதல் பாடம், விசாரிப்பது. வாத்தியார் வாசலில் இருந்து வந்து என் முன்னால் நின்று, "குட் மார்னிங் மேடம். ஹவ் ஆர் யூ?" என்றார். கொழுந்தன் என்னை மேடம் என்கிறார்! நான் "ஐ ஆம்" வரைக்கும் போனேன். அதற்கு மேல் சிரிப்பு. கூட வேலை பார்க்கிற மங்களாம்பிகைக்கும் சிரிப்பு. அவளுக்குக் காது மந்தம், நான் சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

"இத சிரிக்காம ஒரே ஒரு தடவ முழுசா சொல்லிட்டீங்கன்னா நீங்க பாஸ் அண்ணி."

"அப்ப நான் ஜென்மத்துக்கும் ஃபெயிலு வாத்தியாரே."

6 ஜூன், வெள்ளி

முதலாளி மருமகள் மோகனப்பிரியா எல்லார் போனிலும் ஒன்று ஏற்றிக் கொடுத்தாள். ஏஐயாம். நாம் பேசினால் அதுவும் பேசுகிறது. பொம்பளைக் குரல். தப்பாகச் சொன்னாலும் "மிக நல்ல முயற்சி" என்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் சொல்கிறது. கோபமே வராது.

கல்யாணமான புதிதில் சம்பந்தியம்மா பேசுவது போலவே இருக்கிறது. சம்பந்தியம்மா என்றே பெயர் வைத்துவிட்டேன். இவர் கேட்டார்: "யார்கூட இவ்ளோ மரியாதையா பேசுற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

17 ஜூன்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இனி இவர் குறுவைக்குத்தான் புருஷன்.

24 ஜூன், செவ்வாய்

இன்றைக்கு மங்களாம்பிகை வாத்தியாரிடம் கேட்டுவிட்டாள், போன் இருக்கும்போது நீங்கள் எதற்கு என்று. அவளுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது.

வாத்தியார் கோபப்படவில்லை. "வீட்டுல அதுகிட்ட பேசுங்க. தப்புத்தப்பா பேசுங்க. அது சிரிக்காது, பயம் போயிரும். அப்புறம் இங்க வந்து என்கிட்ட பேசுங்க. நான் சிரிப்பேன். நான் சிரிச்சும் நீங்க பேசுறத நிறுத்தலன்னா, யார் முன்னாடியும் பேசலாம்."

பிறகு காதில் எதையோ செருகிக்கொண்டு அமெரிக்கப் பேரன் மாதிரி உடம்பை வளைத்து வளைத்து வந்தார். கலசத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ் பாட்?"

"வாட்டர். ஹோலி வாட்டர். யூ போர் ஆன் தாத்தா. நாட் ஆன் மீ."

வாத்தியார் காதில் செருகியது கீழே விழுந்துவிட்டது, அப்படிச் சிரித்தார். மங்களாம்பிகைக்கு ஒவ்வொரு வார்த்தையையும் அவள் காதுக்குள் கத்திச் சொல்லித் தருகிறார். மண்டபத்துக்கு வெளியே மாலை கட்டுகிறவர்களும் சேர்ந்து படித்துவிட்டார்கள்.

11 ஜூலை, வெள்ளி

இன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

தாலி கட்டும்போது நான் எப்போதும் ஒன்று சொல்வேன். "ஐயா, முடிச்ச இறுக்கிப் போடுங்க. போன தடவ அம்மாவுக்கு உங்களத் தெரியாது. இப்ப நல்லாத் தெரியும்." இதை இங்கிலீஷில் கேட்டபோது சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. விருந்தினருக்குச் சங்கடமாக இருக்குமாம். கங்ராஜுலேஷன்ஸ் சொன்னால் போதுமாம்.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அவங்க சொல்றது சரியான இங்கிலீஷ். நீங்க கேக்கறது உங்க இங்கிலீஷ். ரெண்டும் வேணும்" என்றார். வெட்டிக் கிட்டிச் சின்னதாக்கிக் கொடுத்தார்.

இன்றைக்கு லண்டன் குடும்பம். தாத்தாவுக்கு முடிச்சு விழவில்லை. பிள்ளைகள் எல்லாம் யாருக்கோ நடக்கிற மாதிரி நிற்கிறார்கள். நான் சொன்னேன்: "தாத்தா, டை டைட். லாஸ்ட் டைம், ஷி டிட் நாட் நோ யூ. நவ், ஷி நோஸ்!"

அந்தப் பாட்டி சிரித்த சிரிப்பில் மாலை அவிழ்ந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் ஓடிவந்து தாத்தாவைக் கட்டிக்கொண்டார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்ற வாத்தியார் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. குடும்பத்தோடு பூம்புகார். தமிழரசன் வீட்டிலும் வந்திருந்தார்கள். வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினவரைப் பார்த்து, "வாத்தியாரே, காவிரிக்கும் ஏ பி சி டி சொல்லிக் குடுக்கப் போறீங்களா? அது கடலுக்குப் போற அவசரத்துல இருக்கு, விடுங்க" என்றேன். அவர் பெண்டாட்டி வானதி தேங்காய்சாதம் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"அண்ணி என்னைக்குக் கேலிய நிறுத்துறாங்களோ அன்னைக்குத்தான் நான் பயப்படணும்" என்றார்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

மோகனப்பிரியா போனைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். நெட்டில் மண்டபத்துக்கென்று இருக்கிற பக்கத்தில் போடுவதற்கு வீடியோவாம். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மூடுவேனா?

"ஆண்ட்டி, இவ்ளோ நல்லா இங்கிலீஷ் பேசுறீங்களே, யார் சொல்லிக் குடுத்தா?"

வாத்தியார் கதவுகிட்ட டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "வாத்தியாரா? அவரு வருவாரு, உக்காருவாரு, டீ குடிப்பாரு, போவாரு. எல்லாம் இந்த செல்லுக்குள்ள இருக்க அம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு. எங்க வாத்தியாருக்கே அதுதான் டியூஷன் எடுக்குது!"

வகுப்பே சிரித்தது. வாத்தியார் டம்ளரை எனக்குக் காட்டித் தூக்கி, மிச்சத்தை ஒரே மடக்காகக் குடித்தார்.

23 ஆகஸ்ட்

வீடியோ எங்கெங்கோ போய்விட்டதாம். மீன்காரி வரைக்கும் "டீ வாத்தியார்" என்கிறாள். அதில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கதவு இல்லை, டம்ளர் இல்லை, சிரிப்பு இல்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

வகுப்பு கிடையாது. இன்றைக்கு என்று இல்லை — இனிமேல் கிடையாது.

முதலாளியிடம் ஓடினேன். "ஐயா, வாத்தியார ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீங்கதானம்மா சொன்னீங்க. ஊரே பாத்துச்சு."

"அது கேலிங்க. அவரு என் கொழுந்தன். கொழுந்தன அண்ணி வேற எப்படிப் பேசுவா?"

"கேலியோ நெசமோ, போன்லதான படிச்சீங்க? நல்லாத்தான பேசுறீங்க? அப்புறம் என்ன? தம்பியே ஒண்ணும் சொல்லல. சிரிச்சுட்டேதான் போனாரு."

சிரித்துக்கொண்டுதான் போயிருப்பார். அவரை எனக்குத் தெரியாதா?

என் வாயில் ஏன் அன்றைக்குக் கொழுக்கட்டை இருக்கவில்லை?

3 செப்டம்பர், புதன்

அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாசலில் கால் வைத்ததுமே ஒரு வார்த்தை வரும் — "வந்தாச்சுய்யா இம்சை!" இன்றைக்கு வரவில்லை. "வாங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான்.

"நான் கேலிக்குச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி. எனக்குத் தெரியும். விடுங்க."

வானதி டீ கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. "குடிங்கக்கா. டீ குடிக்கறதுதான எங்க வீட்டு வேல."

"வானதி, சும்மா இரு" என்றார்.

அவள் இருக்கவில்லை. "மாயவரத்துல ஒரு ஸ்கூல்ல இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்கக்கா. போன வாரம் போனாரு. அவங்களும் அந்த வீடியோவப் பாத்திருக்காங்க. 'டீ வாத்தியார் நீங்கதானா'ன்னு கேட்டுட்டு எல்லாருமா சிரிச்சாங்களாம். அதுக்கப்புறம் ஒரு கேள்விகூடக் கேக்கல."

குடிக்காமல் வைத்தாலும் தப்பு, குடித்தாலும் தப்பு. குடித்தேன்.

5 செப்டம்பர்

மோகனப்பிரியாவிடம் அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். "நல்லா ஓடுறத எதுக்கு ஆண்ட்டி எடுக்கணும்?" சரி, இன்னொன்று எடு என்றேன். எங்கள் வாத்தியார் மாதிரி யாரும் சொல்லித் தரமாட்டார்கள், காது கேட்காதவளுக்கே இங்கிலீஷ் கேட்க வைத்தவர் என்று, கேலி இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். எடுத்தாள். போடவில்லை.

"சிரிப்பே வரல ஆண்ட்டி. யார் பாப்பா?"

8 செப்டம்பர், திங்கள்

சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். நடந்தது எல்லாம். கொழுந்தன் மனசு கஷ்டப்பட்டுவிட்டது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று. உடனே எழுதிக் கொடுத்தது. என்ன அழகு! "மதிப்பிற்குரிய தமிழரசன் அவர்களுக்கு, என்னுடைய கவனக்குறைவான கருத்து தங்களுக்கு மன வருத்தம் ஏற்படுத்தியிருந்தால் அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். தங்கள் பணி என்றும் என் நினைவில் இருக்கும்." இப்படி எழுத எனக்கு ஏழு ஜென்மம் ஆகும்.

இதைப் படித்தால் யாருக்கும் மனசு இறங்கும் என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக்கோடு விழுந்துவிட்டது.

9 செப்டம்பர், செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. "நன்றி மேடம். பரவாயில்லை."

முதலில் கேலி என்றுதான் நினைத்தேன். மேடம் என்கிறாரே, பழையபடி ஆகிவிட்டார் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. "ஐயோ வாத்தியாரே" என்று போட்டேன். சிரிக்கிற பொம்மை போட்டேன். சாயந்தரம் வரை பார்த்தேன். நீலக்கோடு விழுந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

இவரிடம் காட்டினேன். வயலில் இருந்து வந்த காலைக்கூடக் கழுவாமல் முழுசும் படித்தார்.

"இத நீயா எழுதுன?"

"இல்ல. போனு."

"நம்ம குடும்பத்துல யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கா? நானும் அவனும் வரப்புல மண்வெட்டியோட சண்ட போட்டிருக்கோம். மறுநாள் அவன் வந்து நம்ம வீட்டுச் சோத்துப்பானையத் தொறந்தான், முடிஞ்சுபோச்சு. நீ ஒரு கிலோ மீன வாங்கிட்டுப் போயி, அவன் அடுப்படில நின்னு கொழம்பு வச்சிருந்தீன்னா தீர்ந்திருக்கும். மதிப்பிற்குரியவராமே!"

என் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவரை நான் மதித்ததே இல்லை. அதுதான் எங்களுக்குள் இருந்த மதிப்பு. அதை நானே எழுத்தில் கொடுத்துத் தீர்த்துவிட்டேனே. சம்பந்தியம்மாவைச் சொல்லி என்ன? அதற்கு என் கொழுந்தனைத் தெரியாது. எனக்குத் தெரியுமே. எனக்கு எங்கே போச்சு புத்தி?

16 செப்டம்பர், செவ்வாய்

மீன் வாங்கிப் போகலாம் என்று தினம் நினைத்து, தினம் கால் வராமல் தள்ளிப்போட்டேன். நாளைக்குப் புரட்டாசி பிறக்கிறது. அவர் வீட்டில் விரதம் பிடிப்பார்கள். இனி ஐப்பசி வரைக்கும் மீனும் இல்லை, நானும் இல்லை.

7 அக்டோபர், செவ்வாய்

முதலாளி முன்னால் பேசிக் காட்டச் சொன்னார்கள். நான் தேறிவிட்டேன். மேடைதான் எனக்கு. சீருடைப் புடவையும் வந்துவிட்டது, சந்தனக் கலர்.

மங்களாம்பிகை பின்பக்கம் போய்விட்டாள். போன் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் கத்துவது போனுக்குப் புரியவில்லை. சம்பந்தியம்மா பொறுமையாக "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்றது. அவள் காதுக்குள் கத்துவதற்குத்தான் ஆள் இல்லையே.

"நீ என்னடி பண்ணுவ, உன் வாய் அப்படி" என்றாள் என்னிடம். திட்டினாளா, ஆறுதல் சொன்னாளா? கேட்கப் பயம்.

22 அக்டோபர், புதன்

தீபாவளி போனது. தமிழரசன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது, ஆள் மூலமாக. எப்போதும் அவரே கொண்டுவந்து, நான் செய்த அதிரசத்தைச் சுவரில் தட்டிப் பார்த்து "வீடு தாங்குமா அண்ணி?" என்பார்.

மழை விடவில்லை. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் இவர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குவியலில் முளை விட்டிருக்கிறதாம். கேலி பண்ண வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

25 அக்டோபர், சனி

மழையோடு மழையாகப் பொறையாறு போய் மீன் வாங்கினேன். கிழங்கான். அவருக்கு அதுதான் பிடிக்கும். நேராக அவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவது என்று வழியெல்லாம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன்.

வானதி வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டாள். "எதுக்குக்கா உங்களுக்கு வீண் சிரமம்? உக்காருங்க." கூடத்தில் நாற்காலி போட்டாள். போடும் முன் துண்டால் அதைத் துடைத்தாள்.

அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அடுப்படியில் தரையில்தான் உட்காருவேன், காலை நீட்டிக்கொண்டு.

"நான் அலசித் தரேன் வானதி."

"நான் பாத்துக்கறேன்க்கா."

தமிழரசன் வீட்டில் இல்லை. மயிலாடுதுறை ஸ்டேஷனில் வேன் ஓட்டப் போகிறாராம். வெளிநாட்டு ஆட்கள் வந்தால் இங்கிலீஷ் பேசுகிற டிரைவர் வேண்டுமாம்.

துடைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

4 நவம்பர்

கனடாக் குடும்பம். தாலி கட்டும் நேரம். "டை டைட்" நாக்கு நுனி வரை வந்தது. யாராவது படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். எல்லார் கையிலும் போன்.

"கங்ராஜுலேஷன்ஸ்" என்றேன்.

"தேங்க் யூ" என்றார்கள்.

14 நவம்பர், வெள்ளி

காலையில் மலேசியாக் குடும்பம் வந்து இறங்கியது. வாசலில் நான்தான் நிற்க வேண்டும், சந்தனத்தோடு. வேனிலிருந்து முதலில் இறங்கினது டிரைவர். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினார். இளைத்திருக்கிறார். காதோரம் முழுக்க நரை. டை அடிக்கக்கூடாதா வாத்தியாரே, தாத்தா யார் என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறதே — இதுதான் வாய் வரைக்கும் வந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். தலையை லேசாகக் குனிந்தார்.

"குட் மார்னிங் மேடம். ஹவ் ஆர் யூ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் பார்த்தேன். அங்கேதான் முதலில் துடிக்கும், அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து. ஒன்றும் இல்லை. பெட்டி எங்கே வைப்பது என்று கேட்கிற முகம்.

"குட் மார்னிங். ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. ஹவ் ஆர் யூ?"

"ஃபைன், மேடம்."

பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டார். மங்களாம்பிகை பின்பக்கத்திலிருந்து அவருக்கு டீ கொண்டுபோனாள். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

முழுசாகத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை தவறவில்லை. சிரிக்கவில்லை.

பாஸ்.